ஜெனரல் ஏகாம்பரத்தின் கரண்டி

மற்றவர்கள் கொடுக்கும் காகிதங்களில் பொய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, யாரோ எங்கிருந்தோ அனுப்பும் அடையாள அட்டைகளையும் போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். முகம் தெளிவாக இல்லை, நிராகரிப்பு. காது மறைந்திருக்கிறது, நிராகரிப்பு. பின்னணியில் மரம் தெரிகிறது, நிராகரிப்பு. இதற்காக இரண்டு முறை மாதத்தின் சிறந்த ஊழியர் கோப்பை வாங்கியிருக்கிறேன் (பிளாஸ்டிக்தான், ஆனாலும் கோப்பை).

அப்படிப்பட்ட நான்தான், ராணுவத்தில் சமையல்காரராக இருந்த என் அப்பாவை, அவர் செத்துப்போன பிறகு ஜெனரலாக்கி, ஒரு அரசாங்க அலுவலகத்தின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். அப்பா ஏகாம்பரம் ஐந்தாவது. அக்கா மல்லிகா மூன்றாவது. அம்மா முனியம்மாவும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள், பெருக்குவதற்கு. நான் பி.காம். என்கிற செய்தியை நீலசந்திராவில் எங்கள் சந்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு விதத்தில் தெரியப்படுத்தியிருந்தேன். யாருக்காவது பேங்க் ஃபாரம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நிரப்பிக் கொடுத்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வேன். அவர்களுக்குப் புரியாது. எனக்கு நிறைவாக இருக்கும்.

அப்பா இறந்தபோது எனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாவுக்கு வந்திருந்த அவருடைய பழைய கூட்டாளி ஒருவர், மாலையைப் போட்டுவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்கம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வரும்மா. லேட் பண்ணாத. எழுதிப் போடு."

"வேணாம் அங்கிள், எங்கம்மாவ நான் பாத்துப்பேன்" என்றேன்.

எழவு வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அம்மா அப்போது கல் மாதிரி திடமாக இருந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பென்ஷன் என்பது, பார்த்துக்கொள்ளப் படித்த மகள் இல்லாதவர்களுக்கு என்று நான் நினைத்தேன்.

பென்ஷனுக்கு எழுதிப் போடுவதற்குப் பதிலாக, மூன்றாவது சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு படம் போட முடிவு செய்தேன்.

அப்பாவின் ராணுவ வாழ்க்கைக்கு எங்கள் வீட்டில் இருந்தது ஓரம் மடங்கிய ஒரே ஒரு போட்டோ. ஏதோ ஒரு வடக்கத்தி ஊர். தகரக் கொட்டகைக்கு முன்னால் இடுப்புயர அண்டா. பக்கத்தில் அப்பா நிற்கிறார். மேலே பனியன், கீழே காக்கி அரைக்கால் சட்டை, கையில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டி. ஓரத்தில் யாரோ ஒரு பெண் குளிருக்கு முக்காடு போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிக் குந்திப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதை எடுத்துக்கொண்டு தெருமுனையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஷபீர் பாயிடம் போனேன்.

"பாய், இந்தக் கரண்டிய எடுத்துடுங்க. பனியன் வேணாம், நல்ல யூனிஃபார்ம் போட்டுடுங்க. பக்கத்துல எங்கம்மாவ உக்கார வெச்சிடுங்க. இது அம்மாவோட ஓட்டர் ஐடி."

"ஓரத்துல ஒரு லேடீஸ் குந்திக்கினு இருக்காங்களே, இது?"

"யாரோ பாத்திரம் கழுவற ஆளு. வெட்டிடுங்க."

"யூனிஃபார்ம் எது போடட்டும் மா? சாதாவா, ஃபுல்லா?"

"ஃபுல்" என்றேன், ஹோட்டலில் சாப்பாடு சொல்வதுபோல.

நான்காம் நாள் படம் வந்தது. இரண்டடிக்கு மூன்றடி. அப்பாவின் தலையில் சிவப்புப் பட்டி போட்ட தொப்பி. தோளில் பித்தளை மின்னியது. நெஞ்சில் நாலு வரிசை பதக்கம். கரண்டி இருந்த கையில் வெள்ளிப் பூண் போட்ட ஒரு பிரம்பு.

"கை பிடிச்ச பிடியிலயே இருந்துச்சு மா. வெறுங்கையா உட்டா பைத்தியக்காரன் மாதிரி இருக்கும். அதான் ஒரு குச்சி குடுத்தேன்" என்றார் ஷபீர் பாய்.

பக்கத்தில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் அம்மா. முகம் ஓட்டர் ஐடியில் இருக்கும் அதே திகைத்த முகம். கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பணக்காரப் பெண், பட்டுப் புடவை, ஒட்டியாணத்துடன். பின்னால் பனிமலை, ஏரி, ஏரியில் இரண்டு அன்னம்.

அக்கா பார்த்தவுடன், "யாருடி இது, கவர்னரா?" என்று கேட்டாள். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்குது. நீ ஆசையா பண்ணிக்கினு வந்துக்கிற" என்றாள். அப்புறம், "அந்தப் பழசு எங்க?" என்று கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் செருகிக்கொண்டாள்.

மூன்று வருடம் அந்த ஜெனரலுக்குத் தினமும் விளக்கேற்றினோம். வெள்ளிக்கிழமை பூ.

நான்காவது வருடம் ஒரு காலையில், பாத்திரம் தேய்க்கும் வீட்டிலேயே அம்மா விழுந்தாள். வலது கை, வலது கால், பாதி வாய், எல்லாம் ஒரே நேரத்தில் வேலையை விட்டு நின்றுகொண்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவள் பழைய அம்மா இல்லை. தூக்கி உட்கார வைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். "பாத்துப்பேன்" என்று சொன்ன நான் காலை ஏழு மணிக்கே ஆபீஸ் பஸ் ஏற வேண்டும். பார்த்துக்கொண்டவள் அக்கா. அதற்காகக் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டாள். அம்மாவைத் தூக்கித் தூக்கி நாலு மாதத்தில் அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

என் சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போனது. வீட்டோடு இருந்து பார்க்க ஓர் ஆயாம்மா வைக்க வழியில்லை. அக்காவின் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "சந்தாபுரா பக்கம் ஒரு ஹோம் இருக்குதாம். காசு கேக்க மாட்டாங்களாம். தீபாவளிக்கு அப்புறம் அங்க சேத்துடலாமா?" என்று கேட்டார். அத்தான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றாள். திரும்ப முடியவில்லை. அக்காதான் போய்த் திருப்பிவிட்டாள்.

அன்றுதான் எனக்கு அந்த அங்கிள் சொன்ன பென்ஷன் ஞாபகம் வந்தது. அது வந்தால் ஓர் ஆயாம்மா. வராவிட்டால் சந்தாபுரா.

லீவு போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். நான் தயாரித்த ஃபைலைப் போல இன்னொரு ஃபைலை அந்த அலுவலகம் பார்த்திருக்காது. பொருளடக்கம் இருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத்தில் காகிதக் கொடி. அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், இறப்புச் சான்றிதழ். அம்மா மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஓர் உறுதிமொழியும் கேட்டிருந்தார்கள். அம்மாவின் இடது கட்டை விரலில் மை தடவிக்கொண்டே படித்துக் காட்டினேன்.

அக்கா அடுப்படியிலிருந்து, "பண்ணிக்கினாதான் இன்னா? எந்த மாப்ள வந்து இவள தூக்கி உக்கார வெப்பான்னு கேளு, நானே தாலி எடுத்துத் தரேன்" என்றாள். அம்மா பாதி வாயால் சிரித்தாள். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

ஒரே ஒரு சிக்கல். பென்ஷன் ஆர்டரில் வாரிசு என்று இருந்தது அப்பாவின் அம்மா பெயர். அவர் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. கல்யாணம் ஆனதை அப்பா அதில் எழுத வைக்கவே இல்லை. (ராணுவத்தைப் பற்றி வீட்டில் பேசாத மனிதர், வீட்டைப் பற்றி ராணுவத்திலும் பேசியிருக்க மாட்டார்.) கோயிலில் நடந்த கல்யாணம், ரசீதுகூடக் கிடையாது. ஆகவே கல்யாணத்துக்கு ஆதாரமும் கணவன் மனைவி சேர்ந்திருக்கும் படமும் வேண்டும்.

நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். ஜோடிப் படம் இரண்டடிக்கு மூன்றடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு ஒரு வினாடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஆபீஸுக்கு வந்த ஒரு போட்டோவில், ஒரு பெண்ணின் கம்மலின் நிழல் தப்பான பக்கம் விழுகிறது என்று கண்டுபிடித்தவள் நான். ஆனால் தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் படத்தை யார் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்? மூன்று வருடத்தில் அதுவே என் அப்பா ஆகிவிட்டது. ஷபீர் பாயிடம் போய் அதன் சின்னப் பிரதி மூன்று வாங்கி, ஃபைலில் பச்சைக் கொடிக்குக் கீழே ஒட்டினேன்.

படைவீரர் குடும்பங்களின் மனுக்களை வாங்கும் அந்த அலுவலகத்தின் வாசலில், மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்திருந்த ஒருவர், "ஃபாரம் ஃபில் பண்ணணுமா மா?" என்று கேட்டார்.

"நான் பி.காம்." என்றேன்.

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது?" என்றார் அவர்.

உள்ளே பெஞ்சில் வயதான பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் கசங்கிய பிளாஸ்டிக் கவர். நான் மட்டும் கொடி பறக்கும் ஃபைலுடன் உட்கார்ந்திருந்தேன். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மனுக்களைப் பார்த்தவர் ஓய்வுபெற்ற சுபேதார். எல்லோரும் சுபேதார் சார் என்றார்கள். கன்னடக்காரர், நம் ஆட்களுடன் சேர்ந்து வேலை பார்த்ததால் தமிழும் பேசுவார். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். பதவி என்ற இடத்தில் நான் 'கேட்டரிங் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதியிருந்தேன். அதன்மேல் அவர் விரல் கொஞ்சநேரம் நின்றது. பிறகு பச்சைக் கொடிக்கு வந்தார்.

படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக, அந்தப் படத்துக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இறந்துபோன வீரருக்கு ராணுவம் செய்யும் மரியாதை இது என்று நினைத்து, கண்ணில் நீர் முட்ட, "தாங்க்யூ சார்" என்றேன்.

"இவுரு யாரும்மா?"

"எங்கப்பா சார்."

"ஆர்மில இன்னா கெலசா? இன்னா வேல?"

"கேட்டரிங் சார்."

"குக்கா?"

"...ஆமா சார்."

அவர் உட்கார்ந்தார். "நோடம்மா, நானு இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் மாடிருக்கேன். ஜெனரலுங்கோ சாப்ட்டு பாத்திருக்கேன். ஜெனரலு சமையல் பண்ணி நோடே இல்ல."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இந்த மெடலு நேவிது. இது ஏர்ஃபோர்ஸ். இது இன்னா மெடல்னு நன்கே கொத்தில்ல, எனக்கே தெரியல, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல குடுத்தது மாதிரி இருக்கு. மூணு படையிலும் இருந்தாரா உங்கப்பா? சரி, இந்தம்மா யாரு?"

"எங்கம்மா சார்."

"முகம் உங்கம்மா. களுத்துக்குக் கீள?"

"தெரியல சார்" என்றேன். அன்று அந்த மேசையில் நான் சொன்ன முதல் முழு உண்மை அதுதான்.

இப்போது பெஞ்ச் முழுவதும் சிரித்தது. நான் பரிதாபப்பட்ட அத்தனை பேரும். சுபேதார் சார் மட்டும் சிரிக்கவில்லை. ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார்.

"இத மேல அனுப்புனா, போர்ஜரி கேஸ் ஆகும். ஃபேமிலி பென்ஷன் இல்ல, நின்கே ஜெயிலு. எடுத்துக்கோ. ஒரிஜினல் போட்டோ தா. அம்மாவ கூட்டிட்டு வா, நேர்ல நான் நாலு கேள்வி கேக்கணும்."

"அம்மாவால நடக்க முடியாது சார்."

"ஜெனரல் வைஃபு, ஹெலிகாப்டர்ல வரட்டும்" என்றார். பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "ஆட்டோல கூட்டிட்டு வாம்மா. வாசல்ல ஒரு சேர் போட்டு வெக்கிறேன்" என்று குரலைத் தாழ்த்தினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொடிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டேன். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அக்கா சிரித்தாள். "சல்யூட் அடிச்சானா? நீ தாங்ஸ் சொன்னியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "என்னால இனிமே தூக்க முடியலடி. சத்தியமா முடியல."

மறு வாரம், பக்கத்து வீட்டு ஆட்டோ அந்தோணி அண்ணன் அம்மாவைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். சரிந்துவிடாமல் இருக்க அக்கா துப்பட்டாவால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். அம்மாவின் இடது கையில் அந்த ரேஷன் கார்டு கவர். எவ்வளவு சொல்லியும் தரவில்லை.

சுபேதார் சார் வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "நீ பேசக் கூடாது" என்றார். எனக்கு அது பெரிய தண்டனை.

"அம்மா, உங்க புருஷன் பேரு இன்னா?"

அம்மா கையிலிருந்த கவரைப் பார்த்தாள்.

எனக்கு உள்ளே எரிந்தது. வாழ்நாள் முழுக்க அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. "அவுரு", "உங்கப்பா", "வூட்டுல" என்பாள். அப்பா பெயருள்ள சாமியின் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால்கூட "காஞ்சிபுரத்துல கீதே, பெரிய கோயிலு" என்பாள். நான் பத்தாவது படிக்கும்போதே இதை மூடப்பழக்கம் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சோறு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"பேரு சொல்லும்மா. சொல்லலேன்னா நான் எளுத முடியாது."

அம்மா என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு நெஞ்சை நிமிர்த்துவதுபோல ஒரு முயற்சி செய்து, கோணிய வாயால், ஒவ்வொன்றாக, ஒரு எண்ணைச் சொன்னாள். அரைகுறை இந்தியில். ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவே மூச்சு வாங்கியது.

மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். சுபேதார் சார் அப்படி நினைக்கவில்லை. சட்டென்று டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்தார். "இன்னொரு சாரி, இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். அம்மா சொன்னாள். அவர் விரல் வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார். அப்பாவின் ராணுவ எண். ஒன்றுகூடத் தப்பில்லை.

"இத யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"அவுருதான்" என்றாள் அம்மா. "மணியார்டர் வரும். யாரு அனுப்புனான்னு... போஸ்ட்மேன் கேப்பான். நான் பேரு சொல்ல மாட்டேன். அதுக்கு... இத சொல்லச் சொன்னாரு."

அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அதுதான் அம்மாவின் வாயில் அப்பாவின் பெயர்.

அம்மா இடது கையால் பிளாஸ்டிக் கவரை மேசைப் பக்கம் தள்ளினாள். அக்கா திறந்து, அந்தப் பழைய போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். அண்டா, பனியன், கரண்டி.

"ஹாங்! இவரு சிப்பாயி!" என்றார் சுபேதார் சார், தொலைந்துபோன ஆளைக் கண்டுபிடித்த குரலில். "ஜோடிப் படம் கேட்டேன். இதுல நீங்க எல்லி? எங்க?"

அம்மாவின் இடது கைச் சுட்டுவிரல் போட்டோவில் நகர்ந்தது. அண்டாவைத் தாண்டியது. ஓரத்துக்குப் போய், முதுகைக் காட்டிக் குந்தியிருந்த பெண்ணின்மேல் நின்றது.

"நான்."

'யாரோ பாத்திரம் கழுவற ஆளு. வெட்டிடுங்க.' ஷபீர் பாயின் கடையில் நான் சொன்னது என் காதிலேயே கேட்டது. அம்மாவை வெட்டி எறிந்துவிட்டு, அம்மாவுக்குப் பதிலாக ஒட்டியாணம் போட்ட யாரோ ஒருத்தியை உட்கார வைத்து, அதற்கு மூன்று வருடம் பூப் போட்டிருக்கிறேன்.

"ஏம்மா நீ அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ ஆசையா பண்ணிக்கினு வந்த" என்றாள் அம்மா.

சுபேதார் சார் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முகம் காணிசல்ல, தெரியல. ஜோடிப் படமா இது ஆகல்லம்மா" என்றார்.

முகம் தெளிவாக இல்லை, நிராகரிப்பு. அந்த விதியை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அவர் போட்டோவைக் கீழே வைக்கவில்லை. "அவ்வளவு தூரத்துல, யூனிட்டுக்குள்ள நீங்க எப்படி?"

"கோட்ரஸ் குடுத்தாங்க. ஒன்றர வருசம் இருந்தோம். பெரியவ அங்கதான்... வயித்துல வந்தா" என்றாள் அம்மா. அக்கா திடுக்கிட்டு அந்தத் தகரக் கொட்டகையைக் குனிந்து பார்த்தாள்.

சுபேதார் சார் மேசையைத் தட்டினார். "ஃபேமிலி குவார்ட்டர்ஸ்! கல்யாணம் யூனிட் புக்ல ஏறாம குவார்ட்டர்ஸ் தர மாட்டாங்க. அப்பன்னா கல்யாணம் ரெக்கார்ட்ல இருக்கு. பென்ஷன் ஆர்டர்லதான் விட்டுப் போச்சு." என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதும்மா. நம்பரு, ஊரு, குவார்ட்டர்ஸ் இருந்த வருஷம். ஸ்டைல் எல்லாம் பேடா, வேணாம். பதவின்னு கேட்டா, குக்னு எழுது."

குக் என்று எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தால், சின்னதாக, நன்றாகத்தான் இருந்தது.

கதை இங்கே நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் கடிதம் போய்ச் சேரவே மாதங்கள் ஆயின. ஒரு முறை இணைப்பு இல்லை என்று திரும்பி வந்தது, ஒரு முறை வேறு யாரோ முனியம்மாவின் ஃபைலோடு சேர்ந்து எங்கோ போய்விட்டது. தீபாவளி வந்தது, போனது. கார்த்திகையில் அம்மாவைச் சந்தாபுரா ஹோமில் கொண்டுபோய் விட்டோம். அங்கே ஒன்பது மாதம் இருந்தாள். அந்தக் காலையில் அவளை ஆட்டோவில் ஏற்றியதைச் சிரிப்பாக எழுத முயன்று பார்த்தேன். எனக்கு வரவில்லை.

வேறு ஒன்றை மட்டும் சொல்கிறேன். அம்மா அந்த ஜெனரல் படம் இல்லாமல் போக மாட்டேன் என்றாள். கட்டிலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அங்கிருந்த ஆயாம்மா என்னிடம், "ஜெனரலம்மா பொண்ணா நீங்க? வாங்க, வாங்க" என்றாள். வரிசையில் முதலில் அம்மாவுக்குத்தான் கஞ்சி. முதலில் அம்மாவைத்தான் புரட்டிப் படுக்க வைத்தார்கள். படுக்கைப்புண் வராமலிருக்க அங்கே இருந்த ஒரே தண்ணீர் மெத்தையும் அம்மாவின் கட்டிலில்தான். அரசாங்கம் தூக்கி எறிந்த படத்தை அங்கே யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

நான் திருத்தவில்லை. காகிதத்தில் பொய் கண்டுபிடித்துக் கோப்பை வாங்கிய நான், ஒன்பது மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும், ஜெனரலின் மகளாகப் போய் வந்தேன்.

ஒருவழியாக உத்தரவு வந்தது. அக்காவின் பழைய வேலை அதற்குள் வேறொருத்திக்குப் போய்விட்டது. ஆனால் இப்போது வீட்டோடு ஓர் ஆயாம்மா இருக்கிறார், அம்மா வீட்டில் இருக்கிறாள். படத்தைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "பாவம், இருக்கட்டும். அங்க எனக்கு மெத்த வாங்கிக் குடுத்தாரு" என்றாள். அதனால் ஜெனரல் அப்படியே இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் கரண்டிக்காரரும், பாத்திரம் தேய்ப்பவளும். கண்ணாடி போட்டு நானே மாட்டினேன்.

பென்ஷன் வாங்குபவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, நவம்பரில், தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். கைரேகை மெஷின் அம்மாவை ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய ரேகையை நாலு வீட்டுப் பாத்திரம் எப்போதோ தின்றுவிட்டது. போன நவம்பரில் போனிலேயே முகத்தைக் காட்டலாம் என்று ஏற்பாடு செய்தேன். முதலில் அந்த ஆப் சுவரிலிருந்த ஜெனரலின் முகத்தைப் பிடித்து வட்டம் போட்டது. அம்மாவின் நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டு, இது எப்படி வேலை செய்கிறது, செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன, கண் சிமிட்டினால் உயிருள்ள ஆள் என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஆங்கிலம் கலந்து விளக்கினேன். ஆயாம்மா வாயைப் பிளந்து கேட்டார். எனக்கு நிறைவாக இருந்தது.

"இப்ப கண்ண மூடித் தெறம்மா."

அம்மா கண்ணை மூடினாள். திறக்கவில்லை.

"ம்மா?"

திறக்கவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "எம்மோவ்!"

மூடிய கண்ணோடு, அம்மாவின் நல்ல பக்கத்து உதடு மெதுவாக மேலே ஏறியது.

"பாய்..." என்றாள்.

ஷபீர் பாயின் கடையில் நான் சொன்னதை ஒரு நாள் நானே வீட்டில் சொல்லித் தொலைத்திருந்தேன். நான் எப்போதெல்லாம் கொஞ்சம் உயரமாகப் பேசுகிறேனோ அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சொல்வது அது. அக்கா சொல்வாள், அக்காவின் பிள்ளைகள் சொல்வார்கள், அத்தான்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். அம்மாவால் முதல் வார்த்தைதான் முடியும். மிச்சத்தை மற்றவர்கள் முடிப்பார்கள்.

"...கரண்டிய எடுத்துடுங்க!" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அம்மா சிரித்தாள். சிரிப்பில் கண் திறந்தது. போன் டிங் என்றது. உயிரோடு இருக்கிறாளாம்.